பிடரியில் ஊதா

செம்பதியில் காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வாசலில் நின்று தலையைக் குனிவார்கள். சாமி கும்பிட அல்ல, பிடரியைக் காட்ட. வீட்டிலிருக்கும் இன்னொருவர் சட்டைக் காலரை விலக்கி, பின்கழுத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கும் வட்டத்தைப் பார்த்து, "தெளிவா இருக்கு, போய்ட்டு வா" என்பார். புருஷனுக்குப் பெண்டாட்டி, பெண்டாட்டிக்குப் புருஷன், மகளுக்கு அப்பா, விடுதிக்காரனுக்கு அறைத்தோழன். சாப்பாட்டு டப்பா, சாவி, சின்னச் சண்டை எல்லாம் அதற்கு அப்புறம்தான். பூமியிலிருக்கும் நமக்கு இது கூத்தாகத் தெரியலாம். செவ்வாயின் தரைக்கு நாற்பது மீட்டர் கீழே, குகைத் தெருக்களில் குடியிருக்கும் நாலாயிரம் பேருக்கு இது பல் துலக்குவது மாதிரி.

அந்த வட்டத்தின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். இரும்பில் துரு ஏறுவது போல உயிரணுவுக்குள்ளும் ஆக்சிஜன் தன் சேட்டையைக் காட்டும். அதைத் துடைத்துச் சரிசெய்யும் வேலையும் உள்ளேயே நடந்துகொண்டிருக்கும். ஏறுவதும் துடைப்பதும் சரிக்குச் சரியாக இருந்தால் கவலையில்லை. ஏறுவது மிஞ்சினால் அதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். கதிர்வீச்சு கூடுதலாக உள்ள செவ்வாயில் அது சட்டென்று மிஞ்சிவிடும். அதனால் செம்பதிக்காரர்கள் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரு செயற்கைப் புரதம் வேலை பார்த்தது. முழுப்பெயர், இணைத்துண்டுப் படியெடுப்புக் காரணி. அத்தனை நீளத்தை யார் சொல்லுவார்கள்? காரணி என்றால் போதும்.

காரணிக்கு மூன்று துண்டுகள். முதலாவது மோப்பத் துண்டு. துரு மிஞ்சியதும் அதிலுள்ள இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்துக்கொள்ளும். புரதத்தின் வளைவு மாறும். மாறியதும், உள்ளே மறைந்திருந்த பிடித் துண்டு வெளியே வந்து மரபணு இழையில் தனக்குரிய இடத்தைக் கெட்டியாகப் பற்றும். பற்றிய இடத்தில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லி மூன்றாவதான ஆணைத் துண்டு உத்தரவு போடும். படிக்கப்படுபவை இரண்டு. ஒன்று, துருவைத் துடைக்கும் நொதிகள். இன்னொன்று, பிடரியில் மட்டும் தெரியும் ஊதா நிறமி. மூன்று துண்டுகளையும் தனித்தனியே கழற்றி வேறு மாட்டலாம் என்பதுதான் இதிலுள்ள சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியம் இன்பவல்லியுடையது. நாற்பத்து மூன்று வயது. சென்னையில் பிறந்து, ஆறு வருஷத்துக்கு முன் இந்த வேலைக்கென்றே வரவழைக்கப்பட்டவள். தனி ஆள். ஊதாவுக்குப் பிடரியைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். கையிலோ நெற்றியிலோ வைத்தால் ஜனங்கள் தாங்களே பார்த்து, தாங்களே 'எனக்கு ஒன்றுமில்லை' என்று முடிவுகட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பிடரியை இன்னொருவர்தான் பார்த்தாக வேண்டும் என்று வடிவமைப்புக் குறிப்பில் எழுதினாள். நலவாரியம் அவளைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது.

நலவாரியத்தின் விதி சுலபமானது, ஆனால் கடுமையானது. மூன்று நாள் தொடர்ந்து ஊதா தெரிந்தால் கோப்பு திறப்பார்கள். அன்றிலிருந்து முப்பதாம் நாளும் ஊதா இருந்தால் அடுத்த கப்பலில் பூமிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். திரும்பி வர அனுமதி கிடையாது. செம்பதியில் இருப்பது பன்னிரண்டு கட்டில் மருத்துவமனை. வாரியத்தைத் திட்டியும் பிரயோசனமில்லை.

மூன்றாம் குகைத் தெருவில் பாதிப் பேர் கொங்கு வம்சம். அங்கே காற்றுக்குழாய் பொருத்தும் சென்னியப்பனுக்குக் கோப்பு திறந்தார்கள். வெளிக்குழாயில் ஒரு வாரம் கூடுதல் வேலை, கூடவே லேசான காய்ச்சல். பிடரியில் மூன்று நாள் ஊதா. பார்த்துச் சொன்னவள் அவர் மனைவி மயிலாத்தாள். மறைத்திருக்கலாம். மறைக்காமல் சொல்லிவிட்டு அன்று முழுக்க அழுதாள்.

அழுவதற்குக் காரணம் இருந்தது. சென்னியப்பன் இருபத்தைந்து வயதில் பூமியிலிருந்து வந்தவர். மயிலாத்தாள் செம்பதியிலேயே பிறந்தவள். செவ்வாயின் இழுப்பு பூமியில் உள்ளதில் பாதிகூட இல்லை. இங்கே பிறந்தவர்களின் இதயம் பூமியின் கனத்தை ஒரு வாரம்கூடத் தாங்காது. அவர் போனால் இவள் கூடப் போக முடியாது. இருபத்து நாலு வருஷக் கல்யாணம். பிள்ளைகள் இல்லை. அவருக்கு இவள், இவளுக்கு அவர்.

இவ்வளவு சின்னக் காரணத்துக்கு மூன்று நாள் ஊதா என்று கேள்விப்பட்டதும் இன்பவல்லிக்குத் தன் காரணிமேலேயே சந்தேகம் வந்தது. உதவியாளர்களை அனுப்பாமல் தானே போனாள். அளவைத் தினமும் நண்பகலில் எடுப்பதுதான் முறை. அந்த நேரத்தில்தான் சென்னியப்பன் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார்.

"வாங் அம்மிணி, வாங்" என்று மயிலாத்தாள் வாசலுக்கே வந்துவிட்டாள். "மொதல்ல ரெண்டு வாய் சாப்புடுங். அப்புறம் அளக்கலாம்."

"ஐயோ, வேண்டாங்க்கா. இப்பதான் சாப்பிட்டுட்டு வர்றேன்."

சுத்தப் பொய். காலையிலிருந்து அவள் வயிற்றில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் சோதனைக்குப் போன வீட்டில், அதுவும் கவலையில் கிடக்கும் வீட்டில், கை நனைப்பது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. நாமும் இப்படி ஆயிரம் வீடுகளில் சொல்லியிருக்கிறோம்.

"அட, அரிசிம்பருப்பு சாதமுங். ஒரு கரண்டி."

"சத்தியமா வயிறு ஃபுல்லுக்கா."

மயிலாத்தாள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இன்பவல்லி சென்னியப்பனின் பிடரியில், ஊதாவை எண்ணாகக் காட்டும் அளவியை வைத்தாள். முப்பது வரை பயமில்லை. அவருக்கு நாற்பத்தொன்று. குறித்துக்கொண்டு கிளம்பினாள். ஆய்வகத்துக்குப் போய் ஒரு குழாய்க் கூழைப் பிதுக்கி வாயில் விட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

மோப்பத் துண்டுக்கு மூக்கு அதிகமாகிவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். மந்தமான மூக்குள்ள புதிய துண்டைச் செய்து, மூக்கில் அடிக்கும் மருந்தாகக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து எண் நாற்பத்தொன்பது. பிடித் துண்டு பிடித்த இடத்தை விடமாட்டேன் என்கிறதோ? அதையும் மாற்றினாள். ஐம்பத்தெட்டு. தினமும் நண்பகலில் வந்தது போதாதென்று மாலையிலும் வரத் தொடங்கினாள். ஆணைத் துண்டையும் மாற்றினாள். எழுபதைத் தொட்டது.

இந்த மூன்று வாரமும் அந்த வீட்டில் இன்னொரு வைத்தியமும் நடந்தது. ஊதா வந்த ஆளுக்கு உடம்பு தேற வேண்டாமா? மயிலாத்தாள் விளைச்சல் கூடத்தில் வேலை செய்கிறவள். சுரைக்காயும் கொள்ளும் வீட்டுக்கு வரும். தட்டில் சாதம் மலைபோல் இருக்கும். அதன்மேல் பச்சைப்பயறு கடைசல், பக்கத்தில் பொரியல், கிண்ணத்தில் கொள்ளு ரசம். சென்னியப்பன் பாதியில் இடுப்புப் பட்டையைத் தளர்த்துவார்.

"போதும் மயிலா."

"என்ன போதும்? முகமெல்லாம் எப்படிக் கெடக்குது பாருங். இந்தாங், இதையும் வழிச்சுப் போட்டுட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்ப்பார். பிறகு தட்டைப் பார்ப்பார். சாப்பிட்டுவிடுவார்.

இருபத்திரண்டாம் நாள் மயிலாத்தாள் இன்பவல்லியை வாசலில் நிறுத்தினாள். "நெசத்தைச் சொல்லுங் அம்மிணி. இவர அனுப்பீருவாங்களா?"

"இல்லக்கா. நான் செஞ்சதுல எங்கயோ தப்பு இருக்கு. கண்டுபிடிச்சிடுவேன்."

"அவருக்கு அங்க யாருமே இல்லீங். அண்ணங்காரரும் போய்ச் சேந்துட்டாரு. யாருங்க சோறு போடுவா?"

அந்த இரண்டு பேரையும் அவளுக்கு ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. உள்ளே சென்னியப்பன் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டை ராகம் தப்பிப் பாடிக்கொண்டிருந்தார். மனைவிக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பாடினார். தன் காரணி பொய் சொல்லி அந்த மனிதரை இந்த வீட்டிலிருந்து பிடுங்கிப்போடப் போகிறது என்று நினைத்துக்கொண்டே இன்பவல்லி ஆய்வகத்துக்கு விரைந்தாள்.

இருபத்து நாலாம் நாள் சூரியன் சீறியது. கதிர்ப்புயல். தெருக்களுக்கு நடுவிலுள்ள இரும்புக் கதவுகளை நாலு நாளைக்கு மூடிவிட்டார்கள். தரைக்கு அத்தனை கீழே இருந்தும் கொஞ்சம் கதிர் இறங்கத்தான் செய்யும். புயல் வந்தால் செம்பதி மொத்தத்துக்கும் பிடரி மங்கலாக ஊதா அடிக்கும். சாதாரண ஆளுக்கே அப்படியென்றால் சென்னியப்பனுக்கு? தொண்ணூறைத் தாண்டும் என்று இன்பவல்லி கணித்தாள். ஆய்வகத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இருபத்தெட்டாம் நாள் கதவு திறந்ததும் ஓடினாள். சென்னியப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். அளவியை வைத்தாள். இருபத்திரண்டு.

மறுபடி வைத்தாள். இருபத்திரண்டு. பிடரி குழந்தையின் கழுத்து மாதிரி தெளிவாக இருந்தது. அளவி கெட்டுப்போயிருக்குமோ என்று மயிலாத்தாளைக் குனியச் சொல்லி அளந்தாள். முப்பத்து நாலு, ஊர் முழுக்க இருந்த அதே புயல் எண். அளவி ஒழுங்காகத்தான் இருந்தது.

"அக்கா, நாலு நாளா என்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்ன பண்றதுங்? கதவ மூடிட்டாங்க. தூங்கினோம். தாயம் ஆடினோம். இவரு அழுகுணி ஆட்டம் ஆடினாரு, ஒரு நாள் பூரா பேசாம இருந்தேன்."

"மருந்து ஏதாவது?"

"இல்லீங்."

"சாப்பாடு?"

மயிலாத்தாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது அம்மிணி."

"சொல்லுங்கக்கா."

"கதவு தெறக்கற வரைக்கும் நீங்க வரமாட்டீங்கன்னு தெரியுமுங்ளே. அதனால ரெண்டு பேருக்குத்தான் ஆக்கினேன்."

"அப்போ மத்த நாள்ல?"

"மூணு பேருக்குங்." மயிலாத்தாள் குற்றம் செய்தவள் போலப் பேசினாள். "தெனமும் சரியாச் சாப்பாட்டு நேரத்துக்கு வர்றீங்க. சாப்ட்டுட்டேன்னு நீங்க சொல்றது ஒரு மருவாதிக்குன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? இன்னைக்காச்சும் உக்காருவீங்கன்னு ஒரு டம்ளர் அரிசி சேத்திப் போடுவேன். வீட்டுக்கு வர்ற ஒறம்பரைக்குன்னு ஆக்குறது, கஞ்சத்தனமா ஆக்க முடியுமுங்ளா? நீங்க கையக்கூட நனைக்காமப் போயிருவீங்க. அப்புறம் சாயங்காலமும் வர ஆரம்பிச்சீங்க, சாயங்காலமும் ஆக்கினேன். சோத்தக் கீழ கொட்ட மனசு வருமுங்ளா?"

"அப்போ அந்த மூணாவது ஆள் சாப்பாடு?"

மயிலாத்தாள் கணவனைப் பார்த்தாள். சென்னியப்பன் கூரையைப் பார்த்தார்.

இன்பவல்லி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அடுப்பில் தேவைக்குமேல் விறகைத் திணித்தால் புகைதான் வரும். உயிரணுவும் அப்படித்தான். தேவைக்குமேல் உணவைத் திணித்தால் எரிக்க முடியாமல் திணறும், துருவைக் கக்கும். மூன்று துண்டுகளும் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அவள் அடிக்கடி வர வர எண் ஏறியது. கதவை மூடி அவளை வெளியே நிறுத்தியதும் இறங்கியது. ஒரு மாதமாக அவர் உடம்பில் குவிந்திருந்த துடைக்கும் நொதிகள் புயலின் துருவையும் சேர்த்தே துடைத்திருந்தன. கோப்பே திறக்காமல் விட்டிருந்தால் அந்த ஊதா நாலே நாளில் தானாகக் கலைந்திருக்கும்.

"அண்ணா, நீங்களாவது போதும்னு கண்டிப்பா சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிங் அம்மிணி சொல்றது? ஏற்கெனவே நீங்க வேண்டாம்னுட்டீங்க. நானும் வேண்டாம்னா அவ மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?" என்றார் சென்னியப்பன். "ஒரு டம்ளர் அரிசிதானுங்ளே, போனாப் போவுதுன்னு இருந்துட்டேன்."

போகவிருந்தது என்னவென்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இன்பவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கத் தொடங்கியவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அப்போ நான் இந்த வீட்டுப் பக்கமே வராம இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்றாள்.

மயிலாத்தாளின் முகம் சுண்டிப்போனது. "சோறு ஆக்கினதுக்கா வரமாட்டேங்கறீங்க?"

"இல்லக்கா, இல்லக்கா. நாளைக்கும் நாளான்னைக்குக் காலையிலயும் ரெண்டு பேருக்கு மட்டும் ஆக்குங்க. நாளான்னைக்கு மத்தியானம் முப்பதாம் நாள். அன்னைக்கு நான் சாப்பிட வர்றேன்."

"வாக்கு மாறக் கூடாதுங்."

"மாறமாட்டேன்."

முப்பதாம் நாள் நண்பகலில் எண் பதினெட்டு. இன்பவல்லி அங்கேயே கோப்பை மூடினாள். முடிவுப் படிவத்தில், எந்தத் துண்டை மாற்றியதால் ஊதா போனது என்று ஒரு கேள்வி இருந்தது. மோப்பமா, பிடியா, ஆணையா, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றையும் அடித்துவிட்டு, 'சோதிக்க வந்தவர் சாப்பிட மறுத்ததால் நீடித்தது' என்று எழுதினாள். வாரியத்தில் இதைப் படிக்கிறவர் தலையைச் சொறிந்துகொள்ளட்டும். சென்னியப்பன் இனி எங்கும் போக வேண்டியதில்லை. மயிலாத்தாள் அடுக்களைக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூன்று தட்டுகளோடு வந்தாள்.

இன்பவல்லி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னல் தட்டில் விழாமல் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள். அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். எதிரே ஆள் உட்கார்ந்திருக்க, தட்டில் போட்டுச் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்றென்று அவளுக்கே ஞாபகமில்லை.

ரசம் ஊற்ற அவளுக்குப் பின்னால் வந்த மயிலாத்தாள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, இங்க சித்த வாங்."

சென்னியப்பன் எழுந்து வந்து பார்த்தார். அளவியை எடுத்தார். ஒரு மாதமாகத் தன் கழுத்தில் இன்பவல்லி வைத்து வைத்து, அதை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கும் பழகியிருந்தது. பிடரி கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. எண் எண்பத்தெட்டு.

"எத்தனை நாளா இப்படி இருக்குதுங் அம்மிணி?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"தெரியலக்கா" என்றாள் இன்பவல்லி. "பார்க்க யாருமில்ல."

தூக்கமில்லாத இரவுகள், நேரம் தவறிய கூழ், இறங்காத கவலை. துரு ஏற இவை போதும். செம்பதியில் ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறை பிடரிப் படிவம் அனுப்ப வேண்டும். அதில் 'பார்த்தவர்' என்று ஒரு கட்டம். ஆறு வருஷமாக இன்பவல்லி அந்தக் கட்டத்தில் தன் பெயரையே எழுதி, 'தெளிவு' என்று போட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருத்தி தன் பிடரியைத் தானே எப்படிப் பார்த்தாள் என்று வாரியத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நாலாயிரம் கழுத்துகளைக் கவலையோடு யோசித்த அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அந்தப் படிவத்த எடுங்" என்றாள் மயிலாத்தாள்.

"அக்கா, ஊதான்னு போட்டா எனக்கும் கோப்பு திறப்பாங்க. முப்பது நாள்தான்."

"தெறக்கட்டும். முப்பது நாள் எதுக்கு? பத்து நாள்ல தேத்திக் காட்டறேன். மத்தியானம் இங்க வந்து உக்காரோணும். ராத்திரி நேரத்துக்குத் தூங்கோணும். இவருக்கு அளவாத்தான் போடுவேன், பயப்படாதீங். உங்களுக்கும் அளவாத்தான்."

சென்னியப்பன் கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

இன்பவல்லி இடக்கையால் படிவத்தைத் திறந்தாள். நிறம், ஊதா. பார்த்தவர், மயிலாத்தாள். அதற்கு அடுத்த கட்டத்தை இதுவரை அவள் நிரப்பியதே இல்லை. பார்த்தவர் உங்களுக்கு என்ன உறவு? அவள் விரல் அங்கே நின்றது.

"அக்கான்னு போடுங்" என்றாள் மயிலாத்தாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "இதுக்குப் போய் என்ன யோசனை? சோறு ஆறுது பாருங்."

இன்பவல்லி அக்கா என்று எழுதினாள். எழுதிவிட்டு, கொஞ்சம் பொரியல் வேண்டும் என்று கேட்டாள்.